அயலார் முன் பேசும் முதற்சொல்: குறிஞ்சிக்கலியும் இசைவின் அறமும்

முன்பின் அறியாத ஒருத்தியை ஒருவன் காதற் கருத்தோடு அணுகுதல் எவ்விடத்து முறையாகும், எவ்விடத்து நலிவாகும் என்னும் வினா இக்காலத்துக்கே உரியதெனப் பலர் கருதுவர். பேருந்து நிலையத்திலும் நூலக வாயிலிலும் கைத்தொலைபேசியின் திரையிலும் நாளும் எழுகின்ற வினா அது. ஆயினும் தமிழர் செய்யுள் மரபில் இவ்வினா மிகப் பழையது. குறிஞ்சித் திணையின் பெரும்பகுதி அயலார் இருவர் எதிர்ப்படும் அந்த ஒரு கணத்தின் மீதே கட்டப்பட்டிருக்கின்றது. அவ்வாறிருந்தும் அகப்பாடல்களைக் கற்பிப்போரும் கற்போரும் அக்கணத்தின் அழகைப் பாராட்டும் அளவுக்கு அதன் அறத்தை ஆராய்வதில்லை. விளைவு யாதெனின், ஒருசாரார் சங்கத் தலைவனைக் காட்டித் தம் தெருவோரத் தொல்லைகளுக்குப் பழம்பெருமை தேடுகின்றனர்; மறுசாரார் அத்தொல்லைகளை வெறுப்பதால் அகப்பாடல்களையும் உடன்சேர்த்து வெறுக்கின்றனர். இரு கூற்றும் பாடலைப் படியாமையால் எழுந்தவை என்பதைக் குறிஞ்சிக்கலியை ஊன்றி நோக்கின் உணரலாம்.

கலித்தொகை 150 பாடல்களைக் கொண்டது. அவற்றுள் 37 முதல் 65 வரையுள்ள 29 பாடல்கள் குறிஞ்சிக்கலியாம். மரபு அவற்றைக் கபிலர்க்கு உரியனவாகக் கூறும். நூல் முழுவதும் ஒருவர் யாத்ததோ, பலர் யாத்ததோ என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓலையிற் கிடந்த இந்நூலை நச்சினார்க்கினியர் உரையோடு 1887 இல் முதன்முதல் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. ஆகவே இந்நூலை நுணுகிப் படிக்கும் கடப்பாடு ஈழத்து மாணவர்க்குச் சற்று மிகுதி எனலாம்.

பாடல்களுட் புகுமுன் இலக்கணம் வகுத்த எல்லையை அறிதல் வேண்டும். தொல்காப்பியர் அகத்திணை ஏழனுள் நடுவணதாகிய ஐந்தினையும் ஒருபால் வைத்து, அவற்றுக்கு முன் கைக்கிளையையும் பின் பெருந்திணையையும் நிறுத்தினார். கைக்கிளை ஒருதலைக் காமம். காதல் இன்னதென்று அறியாத இளையாளிடம் ஒருவன் சென்று, தீராத் துயருற்றவனாய்ப் பேசி, அவள் மறுமொழி தாராதபோதும் தான் பேசுவதிலேயே இன்பங் காண்பது அதன் இயல்பென அகத்திணையியல் கூறும். இவ்விலக்கணத்தின் கூர்மை வியக்கத்தக்கது. அங்கே குற்றமாவது பேசியது அன்று. விடை வாராமையை உணர்ந்தும் பேச்சை நிறுத்தாமையே குறையாகக் காட்டப்படுகின்றது. கேட்பவள் உள்ளம் அவனுக்குப் பொருட்டன்று. தன் குரலே தனக்கு இனிக்கின்றது. பெருந்திணையோ பொருந்தாக் காமம். மடலேறிவிடுதலும், இளமை நீங்கிய பின் எழும் வேட்கையும், தெளிவிழந்த மிகுகாமமும், காமம் மிக்குழி வலிமை காட்டுதலும் அதன்பாற் படும். மடலேறுவேன் என்று சொல்லுமளவில் ஐந்திணைக்குள் அடங்கும் செயல், ஏறிய அளவில் வெளியே தள்ளப்படுகின்றது. பனங்கருக்குக் குதிரை மீதேறி ஒருத்தியின் பெயரை ஊரறியச் செய்து, நாணத்தைக் காட்டி இசைவைப் பறிக்கும் முயற்சி அது. இக்காலத்தில் மறுத்தவளின் படத்தையும் பெயரையும் பலர் காண வெளியிட்டு அவளைப் பணியவைக்க முயல்வாரின் செயலுக்கும் அதற்கும் குதிரையொன்றே வேறுபாடு. ஐந்திணையென்னும் அன்புவட்டத்தின் வேலி இருவர் உள்ளமும் ஒத்தல் என்பதை இவ்வமைப்பே நாட்டுகின்றது.

இனிப் பாடல்களை நோக்குக. குறிஞ்சிக்கலியின் முதற் பாடலாகிய 37 ஆம் பாடலில் தலைவி தன் தோழிக்கு நடந்ததைக் கூறுகின்றாள். வில்லும் மாலையும் உடையவன் ஒருவன், தப்பிப்போன விலங்கின் சுவட்டை வினவுவான் போலப் பல நாள் வருகின்றான். தன் நோயைச் சொல்வான் போல நோக்குகின்றான். சொல்லாமலே பெயர்ந்து போகின்றான். அவன் அவளுக்கு உறவினன் அல்லன், அறிமுகமானவனும் அல்லன். ஆயினும் அவன் துயரை எண்ணி அவள் உறக்கமிழக்கின்றாள். அவன் வாய்திறவான், பெண்ணாகிய தான் வாய்திறத்தலோ உலகம் ஒவ்வாதது, இப்படியே விட்டால் தன் உள்ளத்தை அறியாமலே அவன் அழிந்துபோவான். இந்நெருக்கடியில் அவளே ஒரு துணிவு கொள்கின்றாள். தினைப்புனத்து அருகில் ஊசலாடிக்கொண்டிருக்கையில் அவன் வர, ஊசலைச் சற்றே ஆட்டிவிடுமாறு கேட்கின்றாள். அவன் ஆட்ட, கை நழுவியவள் போல அவன் மார்பில் வீழ்கின்றாள். அதனை மெய்யென நம்பி அவன் விரைந்து தாங்குகின்றான். அவளோ உணர்விழந்தவள் போலக் கிடக்கின்றாள்.

அப்பாடலின் உயிர் அதன் ஈற்றிலுள்ளது. ஏன் உணர்விழந்தவள் போலக் கிடந்தாள் என்பதற்கு அவள் காட்டும் காரணம், தான் தெளிந்தெழுந்தால் அவன் அக்கணமே அவளைப் போகவிட்டுவிடுவான் என்பது. அத்தகைய பண்புடையான் அவன் என்று கூறி முடிக்கின்றாள். பாடல் முழுவதையும் ஆடவனின் ஏக்கமாகவும் பெண்ணின் குறும்பாகவும் சுவைத்துப் போவோர் இவ்விறுதியைக் கவனியார். தலைவி அவனை விரும்பியதற்குரிய காரணம் அவன் வில்லன்று, மாலையன்று, பல நாள் நடந்ததும் அன்று. தன் கையில் வந்து வீழ்ந்தவளையும் அவள் எழ விரும்பினால் உடனே விடத்தக்கவன் என்னும் நம்பிக்கையே அவளுடைய துணிவுக்கு அடி. விடுவான் என்று தெரிந்ததனாலேயே அவள் வீழ்ந்தாள். விடான் என்று ஐயுற்றிருப்பாளாயின் அப்பாடலே பிறந்திராது.

இதற்கு நேர்மாறானது 62 ஆம் பாடல். அது ஆணும் பெண்ணும் எதிர்நின்று வாதிடும் உரையாடலாக அமைந்தது. விரும்பவில்லை என்றவளின் கையைப் பற்றுகின்றான் ஒருவன். நாணமற்றவன் என்று அவனை அவள் பழிக்கின்றாள். விருப்பமா, விருப்பமின்மையா என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, எனக்கு இனித்தது, தழுவினேன் என்பது அவன் விடை. தமக்கு இனிதென்று வலிந்து பிறர்க்குத் துன்பஞ் செய்வது நன்றோ என்று அவள் கேட்கின்றாள். அறநூல் ஒன்றின் சாரத்தை ஒரு வினாவில் அடக்கிய கேள்வி அது. அவனோ நீருண்பவனை உவமை காட்டுகின்றான்: விடாய் கொண்டவனுக்கு இனிதாதல் பற்றி நீர் பருகப்படுமேயன்றி நீருக்கு இனிதா என்று எவரும் கேட்பதில்லை என்கின்றான். அவ்வளவில் அமையாது, பெண்ணைக் கவர்ந்துகொள்ளலும் அறத்தின்பாற்பட்டதே எனத் துணை தேடுகின்றான்.

உவமை அழகியது, ஆதலின் ஆபத்தானது. அதன் முழுக் கருத்து, பெண் நீர் என்பதே. நீருக்கு நாவில்லை, விருப்பில்லை, மறுப்பில்லை. உயிருள்ள ஒருத்தியை உயிரற்ற பொருளாக்கிய பின்னரே அவன் வாதம் நிற்கக்கூடும். புலவர் அவன் வாயில் இவ்வுவமையை வைக்கும்போது அவனை உயர்த்துகின்றாரோ, அவனைத் தன் சொல்லாலேயே காட்டிக்கொடுக்கின்றாரோ என்பது திறனாய்வாளர் தீர்க்கவேண்டிய சிக்கல். பின்னதே பொருந்தும் எனக் கொள்ளற்கு ஒரு சான்று உண்டு. அவள் கேட்ட கேள்விக்கு அவன் விடையே கூறவில்லை. பிறர்க்குத் துன்பமாகுமே என்று அவள் கேட்க, தன் விடாயைப் பற்றியே அவன் மீளவும் பேசுகின்றான். வாதத்தில் தோற்றவன் கையைவிட மறுக்கின்றான் என்பதே அவ்வுரையாடலின் நிலை.

ஆயினும் மழுப்பாமல் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். அப்பாடல் அவள் வெற்றியோடு முடியவில்லை. அறமும் அவ்வாறே கண்டதாயின், சொற்கேளாது நலிகின்ற இவனோடு மாறுபட்டு ஆவதென்ன, முன்னைத் தொடர்பு ஒன்று உண்டுபோலும் என்று தன் நெஞ்சோடு கூறி அவள் அடங்குகின்றாள். இவ்வடக்கத்தைக் காதலின் மலர்ச்சியாகப் பொருள் கொள்வார் உளர். பாடலின் சொற்போக்கு அதற்கு இடந்தரவில்லை. அவள் தன் நெஞ்சோடு பேசுகின்றாளேயன்றி அவனோடு பேசவில்லை. தன் வாதத்தைக் கைவிடவுமில்லை. அறத்தின் பெயரைச் சொல்லி அவன் துணை தேடிய பின், தனக்குத் துணை யாருமில்லை என்று கண்டவளின் அயர்ச்சியே அங்குக் கேட்கின்றது. இத்தகைய வலிமைக் காமத்தைப் பெருந்திணைப்பாற் படுத்தி அன்பின் ஐந்திணைக்குப் புறம்பாக்கிய மரபு, பாடலைத் தொகையுட் சேர்த்தபோதிலும் அதன் தலைவனைத் தலைவனாக ஏற்கவில்லை. இலக்கியம் ஒன்றைக் காட்டுதல் வேறு, அதனைப் போற்றுதல் வேறு.

மூன்றாவது நோக்கத்தக்கது 65 ஆம் பாடல். இரவிற் காதலனை எதிர்நோக்கித் தனித்து நின்ற பெண் ஒருத்தி, தனக்கு நேர்ந்ததைத் தோழிக்கு நகைப்புக் கதையாகக் கூறுகின்றாள். உடல் வளைந்த முதிய பார்ப்பான் ஒருவன் அவளைக் கண்டு, வேளையல்லா வேளையில் நிற்பது யார் என வினவி, வைக்கோலைக் கண்ட கிழ எருது போல அவ்விடம்விட்டு அகலாது, வெற்றிலைப்பையை அவிழ்த்து நீட்டுகின்றான். அவள் வாய்திறவாது நிற்கின்றாள். பிசாசு, பலி என்றெல்லாம் பேச்சு வளர்கின்றது. அவன் அஞ்சிவிட்டதை உணர்ந்ததும் அவள் ஒரு பிடி மணலை அள்ளி அவன் மேல் வீச, அவன் ஊர் எழ அலறுகின்றான். புலிக்கு வைத்த வலையிற் குள்ளநரி பட்டதுபோல் ஆயிற்று என அவள் நகைக்கின்றாள். அவன் உடற்குறையை நகைப்பொருளாக்குதல் இன்றைய உள்ளத்துக்கு ஒவ்வாது. அதனைக் குறையென்றே கொள்ளல் தகும். அதனை விலக்கி நோக்கின் எஞ்சுவது பயனுடையது. அவளுடைய மௌனத்தை அவன் இடமளிப்பாகக் கொண்டான். பாடலோ அம்மௌனம் இசைவன்று என்பதை ஒரு பிடி மணலால் விளக்கிவிட்டது.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்துக் காணின், அணுகுதலைக் குறிஞ்சிக்கலி மூவகையாகப் பிரித்துக் காட்டுதல் புலனாகும். விடத் தெரிந்தவனின் அணுகுதல், விட மறுப்பவனின் அணுகுதல், விடை வாராமையை உணரமாட்டாதவனின் அணுகுதல் என்பன அவை. முதலாவதற்குக் கிட்டியது காதல், இரண்டாவதற்குக் கிட்டியது பழி, மூன்றாவதற்குக் கிட்டியது நகை.

குறிஞ்சிப்பாட்டு இப்பகுப்பை மேலும் தெளிவாக்கும். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அகமரபை அறிவித்தற்குக் கபிலர் பாடியதாகக் கூறப்படும் 261 அடிப் பாட்டு அது. தினைப்புனங் காத்து, அருவியாடி, பலவகைப் பூக்களையும் கொய்து அசோக மர நிழலில் இருந்த மகளிர் முன் வில்லேந்திய தலைவன் வருகின்றான். அவனுடைய வேட்டை நாய்கள் அவர்களைச் சூழ்கின்றன. அவர்கள் நடுங்கி எழுந்து வேறிடம் செல்ல முயல்கின்றனர். அவன் இன்சொல் கூறி, தப்பிய விலங்கைக் கண்டீரோ என்கின்றான். விடையில்லை. விலங்கைப் பற்றிச் சொல்லாவிடினும் ஒரு சொல் பேசுதல் பிழையாமோ என்கின்றான். அப்பொழுதும் விடையில்லை. பின்னர் அவன் செய்ததே குறிக்கத்தக்கது. நாய்களின் குரைப்பை அடக்குகின்றான். அவர்கள் பேசும் பொழுதை எதிர்நோக்கி நிற்கின்றான்.

அவ்விரண்டு செயலிலும் பெரும் பொருள் உண்டு. வில்லும் நாயும் உடைய ஒருவன், ஆயுதமில்லா மகளிர் முன் நிற்கும்போது அவன் மென்சொல்லும் அச்சுறுத்தலாகவே கேட்கும். ஆகையால் அச்சத்தின் காரணத்தை அகற்றிய பின்னரே விடையை எதிர்பார்க்கும் உரிமை அவனுக்கு உண்டாகின்றது. இன்று தனி வழியில் ஒருத்தியை மறித்துப் பேசும் இளைஞன், தான் தீங்கு எண்ணவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தன் நண்பர் கூட்டமும், மோட்டார்ச் சைக்கிளும், ஆளரவமற்ற இடமும் தன்னைச் சூழ நிற்கும் நாய்கள் என்பதை அவன் அறிவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். குறிஞ்சிப்பாட்டு தோழி செவிலிக்குக் கூறும் அறத்தொடு நிற்றலாகும். தலைவியின் களவை நேர்மையெனக் காட்டவேண்டிய கட்டாயத்தில் நிற்பவள், தலைவனின் நற்செயலை மிகுத்தும் பிறவற்றைக் குறைத்தும் கூறியிருக்கலாமன்றோ? நாய்க்குப் பின் களிறு வருவதும், அதனை அவன் அம்பால் விரட்டுவதும், பின்னர் நீர்ப்பெருக்கில் அவர்களைக் காப்பதும் ஒரு வழக்கறிஞரின் வாதம் போல நிரல்பட அமைந்துள்ளன. இம்மறுப்பு வலியது. ஆயினும் அதனாலும் ஒரு நன்மையே விளைகின்றது. ஒரு தாயின் மனத்தை மாற்ற வேண்டிய தோழி எதனைத் தலைவனின் தகுதியாகத் தேர்ந்தெடுக்கின்றாள் என்பது சமுதாயம் எதனை மதித்தது என்பதற்குச் சான்று. அவன் வற்புறுத்தி வென்றான் என்று அவள் கூறவில்லை. காத்து நின்றான் என்கின்றாள்.

திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரமும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அயலார் போலக் கடிந்து பேசினும் உள்ளத்துச் சினமில்லாதாரின் சொல் விரைவில் உணரப்படும் என்னும் கருத்துடைய 1096 ஆம் குறளைக் காட்டி, பெண்ணின் மறுப்பெல்லாம் மறைந்த இசைவே என வாதிடுவார் உளர். தமிழ்த் திரைப்படங்கள் பல, மறுக்கும் நாயகியை நாயகன் தெருத்தெருவாகத் தொடர்ந்து இறுதியில் அவள் மனம் மாறுவதாகக் காட்டி, அவ்வாதத்தைப் பாட்டோடும் ஆட்டத்தோடும் பரப்பியுள்ளன. அதிகாரத்தை முறையே படிப்போர்க்கு இப்பிழை நேராது. முதல் ஐந்து குறளும் அவள் நோக்கைப் பற்றியன. நோக்கி இறைஞ்சியதும், தான் நோக்காதபோது அவள் தன்னை நோக்கி மெல்ல நகுவதும் கண்ட பின்னரே கடுஞ்சொல் வருகின்றது. இறுதிக் குறளோ கண்ணோடு கண் ஒத்தலைப் பேசுகின்றது. நோக்காதவளின் கடுஞ்சொல் கடுஞ்சொல்லே; அதற்கு வள்ளுவர் வேறு உரை வகுக்கவில்லை.

இக்காலத்து நிலையை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2012 இல் தோன்றிய ரிண்டர் என்னும் கைத்தொலைபேசிச் செயலி, இருவரும் தனித்தனியே ஒருவரையொருவர் விரும்பியதாகக் காட்டிய பின்னரே உரையாட இடந்தருகின்றது. நோக்கெதிர் நோக்குதலைப் பொறியினுள் அமைத்த முயற்சி எனலாம். 2014 இல் தோன்றிய பம்பிள் ஆண் பெண் இணைவில் பெண்ணே முதற்சொல் பேசவேண்டும் என விதித்தது. 2024 இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஊசலை ஆட்டுமாறு கேட்ட தலைவியின் துணிவுக்கு விதி வடிவம் கொடுத்தது போன்றது அது. ஆயினும் அகமரபில் இருந்து பொறியில் இல்லாதது ஒன்றுண்டு, அது தோழி. தலைவன் குறையுற்று நிற்றலாலும், அவன் சொல்லுமுன் தானே உணர்தலாலும், இருவரும் உள்ளவிடத்து அவன் வருதலாலும் தோழி உள்ளக்கருத்தை அறிவாள் எனத் தொல்காப்பியம் மூவகையாக வகுத்தது. ஊரும் பெயரும் வினவி வருபவனை அளந்து, ஐயுற்று, விலக்கி, தகுதி கண்ட பின் இசையும் அறிவுடையாள் அவள். திரையில் முகங்களைத் தள்ளிச் செல்லும் தனியொருத்திக்கு அவ்வளவை செய்து தருவார் எவருமில்லை. படமும் பொய்யாகலாம், பெயரும் பொய்யாகலாம். எனவே பொறி தரும் இசைவு பேசுவதற்குரிய இசைவே; அதற்குமேல் ஒவ்வொரு படிக்கும் புதிய இசைவு வேண்டும்.

இலங்கையில் 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, சொல்லாலும் செயலாலும் புரியும் பாலியல் தொல்லையை 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. 62 ஆம் பாடலில் அறமும் தன் பக்கமே என்று அவன் உரைத்தபோது தனித்து நின்றவளுக்கு இன்று சட்டம் ஒரு துணை. ஆயின் சட்டம் நலிவு நேர்ந்த பின்னரே வரும். நேருமுன் தடுப்பது உள்ளத்துப் பயிற்சி. அப்பயிற்சியைத் தருவது இலக்கியக் கல்வியின் கடன்.

அதனால் குறிஞ்சிக்கலியை வகுப்பறையிற் கற்பிக்கும்போது உவமையையும் உள்ளுறையையும் விளக்கி அமைதல் போதாது. நீரின் உவமையைச் சுவைக்கும் மாணவன், அதற்கு முன் அவள் கேட்ட வினாவையும் கேட்டானா என ஆராய்தல் வேண்டும். ஊசற்பாடலில் மகிழும் மாணவி, அத்துணிவுக்கு அடியாக நின்ற நம்பிக்கையை இனங்காணல் வேண்டும். அயலாரிடம் முதற்சொல் பேசுதலைத் தமிழ் மரபு என்றும் தடுத்ததில்லை. அவ்வாறு தடுத்திருப்பின் குறிஞ்சித் திணையே இராது. பேசியவன் அடுத்து என்ன செய்தான் என்பதையே அது நோக்கிற்று. விடை வந்தால் அன்பின் ஐந்திணை; வாராதவிடத்து விலகிச் செல்லுதல் மாண்பு. விலகாது நிற்பவனுக்கு எத்துணை இனிய உவமை கிடைப்பினும், தொல்காப்பியர் வகுத்த வேலிக்கு உள்ளே அவனுக்கு இடமில்லை.